அன்னதான மண்டபத் தளம், வெளிச்சுற்றுத் தளம்: திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி கொடுத்த எல்லாக் குடும்பத்தாருக்கும் கட்டளைதாரர்களுக்கும் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

அன்னதான மண்டபத்துக்குள் 2,400 சதுர அடி, வெளிச்சுற்றில் 1,600 சதுர அடி, ஆக 4,000 சதுர அடி கான்கிரீட் தளத்துக்கு அக்ரிலிக் பூச்சு அடிக்கும் வேலை மாசியில் முடிந்தது. பங்குனி நோம்பிக்குப் பூச்சாட்டும் முன்பே தளம் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ரூபாய்க் கணக்கை ரசீதுகளோடு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இங்கே எழுதுவது வேலையின் கணக்கு.

பூச்சு அடித்தது ஐந்தே நாள். அதற்கு முன்னால் எழுபது நாளுக்கு மேல் ஏன் ஆனது, தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் ஏன் கொடுக்கவில்லை என்று பல பேர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மாத வாடகை போனது கோயிலுக்கு நட்டம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஈரத்தளத்தின் மேல் அக்ரிலிக் அடித்திருந்தால் அடுத்த ஆடிக்குள் செதில் செதிலாக உரிந்திருக்கும். உரிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கும் செலவு முதல் செலவைவிட அதிகம். அதனால்தான் காத்திருந்தோம்.

பழைய தளம் எப்படி இருந்தது என்பது பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். இலை போட்ட வரிசை தரையிலேயே பதிந்து கிடந்தது: இரண்டு அடி அகலத்துக்கு வெளுத்த பட்டை, நடுவில் சொரசொரப்பு. ரசத்துப் புளியும் மோரும் எலுமிச்சையும் சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பைத் தின்னும். சிந்தும் ஒவ்வொரு முறையும் மேல் தோல் கொஞ்சம் கரையும், அடுத்த பந்திக்குக் கூட்டும்போது அது மாவாகச் சீமாறோடு வரும். எண்ணெய் ஊறினால் கறுக்கும், மஞ்சள் ஊறினால் போகாது. கான்கிரீட் பார்வைக்குக் கல், குணத்தில் பஞ்சு. பஞ்சுக்கு இருப்பதுபோல் அதற்குள் இருக்கிற நுண்ணிய கண்களை அடைத்து மேலே மெல்லிய சவ்வாக நிற்பதுதான் அக்ரிலிக் பூச்சின் வேலை.

டைல்ஸ் போடலாம் என்றும் எபாக்ஸி என்கிற கெட்டிப் பிசின் பூச்சு அடிக்கலாம் என்றும் கூட்டத்தில் பேச்சு வந்தது. டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்தால் தளம் இரண்டு அங்குலம் உயரும், நிலைப்படியும் சலதாரையும் மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். எபாக்ஸி அக்ரிலிக்கைவிடக் கெட்டிதான், மறுப்பில்லை. ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடி விடும், வெளிச்சுற்றுக்கு ஆகாது. மண்டபத்துப் பழைய தளம் அடியில் பாலித்தீன் தாள் விரிக்காமல் மண்மேல் நேராகப் போட்டது. அடியிலிருந்து வருகிற ஆவி வெளியேற வழியில்லாமல் எபாக்ஸி இறுக்கி மூடும், பிறகு கொப்பளித்துத் தூக்கும். அக்ரிலிக் மெல்லியது, ஓரளவு ஆவி விடும், வெயிலுக்கு மஞ்சளாகாது, தேய்ந்தால் மேலேயே இன்னொரு கோட் அடிக்கலாம். கெட்டித்தன்மையில் குறைவு என்று தெரிந்தேதான் இதை எடுத்தோம். கருங்கல் பாவிய உள்பிரகாரத்துக்கும் அடித்தால் பளபளப்பாக இருக்குமே என்று சிலர் கேட்டார்கள். அடிக்கவில்லை. கல் அந்தப் பூச்சை உறிஞ்சாது, மேலோட்டமாக ஒட்டி நின்று வழுக்கும், பிறகு உரியும். கல்லுக்கு அது வேண்டியதும் இல்லை.

வெளிச்சுற்றில் பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டு, தடித்த பாலித்தீன் தாள் விரித்து, கார்த்திகைக் கடைசியில் 4 அங்குல கனத்தில் புதுக் கான்கிரீட் போட்டோம். சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவை 1:1½:3, சிமெண்ட் 122 மூட்டை. மறுநாள் காலையிலேயே பத்தடிக்குப் பத்தடி கட்டமாக, ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டினோம். கான்கிரீட் சுருங்கும்போது எங்கேயாவது வெடித்தே தீரும், காடி இருந்தால் அதற்குள் வெடிக்கும். பத்து நாள் நனைந்த சாக்கு மூடியிருந்தது. கொத்தனார்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: மேலே தண்ணீர் ஊறி நிற்கும்போது அதை உறிஞ்சச் சிமெண்ட் தூவித் தேய்க்கக் கூடாது. தேய்த்த அன்று வழவழவென்று கண்ணாடி போல இருக்கும். ஆனால் அந்தத் தோல் கீழே உள்ள கான்கிரீட்டோடு பிடிக்காது. மண்டபத்தின் பழைய தளம் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. அதன் பலனைக் கீழே பார்க்கலாம்.

புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் என்பது பலம் ஏறும் கணக்கு. ஈரம் காய்ந்துவிட்டதா என்பதற்கு நாளை எண்ணிப் பயனில்லை, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு அங்குலச் சதுரமாகத் தெளிந்த பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். 500 சதுர அடிக்கு ஒன்று வீதம் எட்டு இடத்தில் ஒட்டி ஒரு முழு நாள் விட்டோம். மார்கழி முதல் வாரச் சோதனையில் மண்டபத்தின் வடகிழக்கு மூலைத் தாளைத் தூக்கியபோது, அதன் உள்பக்கம் இட்லிச் சட்டி மூடி போல முத்து முத்தாக வேர்த்திருந்தது. தாளுக்கு அடியில் தரை சதுரமாகக் கறுத்திருந்தது. மற்ற மூன்று மூலையும் நன்றாகக் காய்ந்திருக்க, அந்த மூலை மட்டும் நனைவதற்குக் காரணம் இருக்க வேண்டும். தோண்டினோம். கை கழுவும் தொட்டியிலிருந்து தரைக்கடியில் போகும் பி.வி.சி. குழாயில் ஓர் இணைப்புக்குப் பசையே போடாமல் வெறுமனே சொருகியிருந்தது. எத்தனை வருடப் பந்தித் தண்ணீர் அங்கே இறங்கியதோ! குழாயை மாற்றி, தோண்டிய இடத்தை மூடி, அந்தப் புதுக் கான்கிரீட்டுக்கும் 28 நாள் விட்டு, அதன்பின் உலர விட்டதில் தை போய்விட்டது. மாசி முதல் தேதி ஒட்டிய எட்டுத் தாளும் சுத்தமாக வறண்டு வந்தன.

அடுத்தது சுத்தம். மொத்தக் கூலியாட்களில் மூன்றில் இரண்டு பங்கு இதற்குத்தான் போனது. முதலில் எண்ணெய். தரையில் தண்ணீர் தெளித்தால் நல்ல இடம் ஒரு நிமிடத்தில் உறிஞ்சிக் கறுக்கும், எண்ணெய் ஊறிய இடத்தில் சேம்பிலையில் நிற்பதுபோல் தண்ணீர் முத்தாக நிற்கும். மடப்பள்ளி வாசலிலும் குத்துவிளக்கு வைக்கும் இடங்களிலும் அப்படி நின்றது. துணி சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, கெட்டிப் பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று முறை கழுவிய பிறகுதான் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கியது. ஆசிட் எண்ணெயை எடுக்காது. எண்ணெயின் மேல் ஆசிட் ஊற்றினால் அது தளத்தைத் தொடுவதே இல்லை. இந்த வரிசை மாறினால் வேலை வீண்.

மண்டபத்துக்குள் ஆசிட் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதன் புகை உற்சவர் சப்பரத்துப் பித்தளைத் தகட்டையும் மணியையும் இரும்புக் கிராதியையும் அரிக்கும். வைரக்கல் பொருத்திய கிரைண்டிங் மெஷின் கொண்டு மேல் தோலை உரித்தோம். உரிக்கும் முன்பு ஒரு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி சும்மா பூச்சு அடித்து, காய்ந்த பிறகு பிளேடால் கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தோம். பூச்சு டேப்போடு வந்தது. டேப்பின் ஒட்டும் பக்கத்தைத் திருப்பினால் பூச்சின் முதுகில் சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது. அதாவது பூச்சு தளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, தளம்தான் தன்னைத் தானே விட்டுவிட்டது. தூவித் தேய்த்த சிமெண்ட் தோல் என்று மேலே சொன்னது இதுதான். மெஷின் ஓட்டிய பிறகு அதே சோதனையில் டேப் மட்டும் வந்தது, பூச்சு அசையவில்லை. அரைத்த தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வேலை செய்தவர்கள் எல்லாரும் முகமூடி போட்டார்கள். தூசியைச் சீமாறால் கூட்டாமல் வேக்குவம் வைத்து எடுத்து, ஈரத்துணியால் துடைத்தோம். கறுப்புத் துணியால் தேய்த்தால் வெள்ளை ஒட்டாத வரைக்கும் துடைக்க வேண்டும்.

வெளிச்சுற்றில் ஆசிட் கழுவல். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஆசிட். வாளியில் முதலில் தண்ணீர், அதன் மேல் ஆசிட், எந்நாளும் மாற்றி ஊற்றக் கூடாது, தெறிக்கும். தரையை முன்னாலேயே நனைத்துவிட்டுப் பூவாளியால் ஊற்றினோம். பொரிந்து நுரைத்து அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம். தேய்த்துக் கழுவியதும் ஆப்ப சோடாக் கரைசல் ஊற்றி மிச்ச ஆசிட்டை முறித்து, மறுபடி இரண்டு முறை கழுவினோம். ஆசிட் 12 லிட்டர், சோடா 3 கிலோ செலவு. கடைசிக் கழுவலுக்கு மட்டும் போர் தண்ணி வேண்டாம் என்று ஆற்றுத் தண்ணி லாரி வரவழைத்தோம். நம் போர் உப்புத்தண்ணி காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும், அந்த உப்பைப் பூச்சுக்கடியில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. கழுவிய நீர் வேப்பமரத்து வேருக்குப் போகாமல் தனிக்குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு விட்டோம். கழுவிக் காய்ந்த தளத்தைத் தடவினால் நைஸ் உப்புத்தாள் போல இருக்க வேண்டும். இருந்தது. அதன்பிறகு ஒரு வாரம் வெயில் காயவிட்டோம்.

அக்ரிலிக்கில் தண்ணீரில் கரைத்தது, சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்தது என இரண்டு உண்டு. கரைப்பான் வகை ஆழமாக இறங்கும், நிறம் தூக்கலாகக் காட்டும், பிழையானால் சரிசெய்வதும் சுலபம். ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்கும். அணையா விளக்கும் மடப்பள்ளி அடுப்பும் இருக்கிற கட்டடத்துக்குள் அதைத் திறப்பது பாவம். ஆகவே மண்டபத்துக்குத் தண்ணீர் வகை, வெளிச்சுற்றுக்குக் கரைப்பான் வகை. வெளியே அடித்த இரண்டு நாளும் மடப்பள்ளி அடுப்பு பற்றவைக்கவில்லை. அன்னதானத்தைப் பொட்டலமாக ஊருக்குள்ளிருந்து கொண்டுவந்து கொடுத்தோம். சன்னிதி விளக்கைப் பூசாரி மூலஸ்தானத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அளவு இப்படி: மண்டபம் 2,400 சதுர அடிக்கு முதல் கோட் 46 லிட்டர், இரண்டாம் கோட் 36 லிட்டர். வெளியே வலம் வரும் பாதை போக 1,160 சதுர அடிக்கு முதல் கோட் 22, இரண்டாம் கோட் 17. லிட்டருக்கு முதல் கோட்டில் ஐம்பது சதுர அடிக்குச் சற்று மேலும், இரண்டாம் கோட்டில் அறுபத்தைந்துக்கு மேலும் வந்தது. இதைவிடக் குறைந்த பரப்பில் ஒரு லிட்டர் தீர்ந்தால் கனமாக அடிக்கிறோம் என்று பொருள். கனமாக அடித்தால் உறுதி என்பது இந்தப் பொருளில் நேர்மாறு. மேலே ஏடு கட்டிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டின்னைக் குலுக்காமல் மெதுவாகக் கலக்க வேண்டும், குலுக்கினால் நுரை. ரோலர் குட்டை முடியாக, கரைப்பானுக்குத் தாங்குவதாக இருக்க வேண்டும். விலை குறைந்த ரோலரின் முடி உதிர்ந்து பூச்சில் ஒட்டி நிற்கும். காடிகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூச்சு இறங்காமல் காத்து, இரண்டு கோட்டும் காய்ந்தபின் டேப்பை உரித்து, பாலியூரித்தேன் சீலண்ட் என்கிற ரப்பர் போன்ற அடைப்பு நிரப்பினோம். காடியின் உள்சுவரில் பூச்சு படிந்தால் சீலண்ட் சரியாகப் பிடிக்காது.

நேரம்தான் வெளியில் பெரிய விஷயம். காலையில் வெயில் ஏற ஏற, கான்கிரீட்டுக் கண்களில் உள்ள காற்று விரிந்து மேலே வரும். பூச்சு அதற்குள் மேலே உலர்ந்திருந்தால் காற்று குமிழாக நிற்கும். பொழுது சாயும்போது தளம் குளிர்ந்து காற்று உள்வாங்கும், பூச்சும் கூடவே இறங்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே பச்சை நிழல்வலை கட்டித் தளத்தைக் குளிர வைத்து, சூடு 32 டிகிரிக்குக் கீழே வந்தபின் மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடித்தோம். அதற்கு மேல் போனால் மாசிப் பனி.

இரண்டு இடத்தில் தவறியது. கிழக்கு வாசலில் ஆறடிக்கு நாலடி இடத்தை, மிச்சம் இருக்கிறதே என்று வேலையாட்கள் காலை 11 மணிக்கு அடித்துவிட்டார்கள். கடுகு இறைத்ததுபோல் குமிழ். கரைப்பான் வகை என்பதால் சைலீன் தொட்ட ரோலரை ஓட்டியதும் பூச்சு இளகி, குமிழ் உடைந்து, சமமாகப் படிந்தது. கொஞ்சம் சைலீனே போதும். மடப்பள்ளி வாசலில் நடந்தது அவ்வளவு சுலபமில்லை. தண்ணீர் வகை அடிக்கும்போது பால் போல வெள்ளையாகத்தான் இருக்கும், காயும்போது தெளியும். அங்கே இரண்டாம் கோட்டைத் தாராளமாக ஊற்றி இழுத்ததில் இரண்டு நாள் ஆகியும் பால் நிறம் போகவில்லை. தண்ணீர் உள்ளே அடைபட்டுவிட்டது. சைலீன் போடவும் வழியில்லை. உப்புத்தாள் 80 வைத்து முழுதும் தேய்த்து எடுத்து, காயவிட்டு, மெல்லிய கோட் இரண்டு புதிதாக அடித்தோம். இப்போது அந்த இடம் பக்கத்துத் தளத்தைவிட ஒரு சாயல் மங்கல். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பலத்தில் குறை இல்லை.

வெளிச்சுற்றின் வலம் வரும் பாதை, நாலடி அகலம் 110 அடி நீளம், 440 சதுர அடி, அதற்கு மட்டும் வெள்ளை அக்ரிலிக் 20 லிட்டர் இரண்டு கோட்டாக. தெளிந்த பூச்சு கான்கிரீட்டை ஈரமானது போலக் கருக்கிக் காட்டும், கருத்த தரை பங்குனி வெயிலில் வெறுங்காலைப் பொசுக்கும். வழுக்காமல் இருக்க இரண்டாம் கோட்டில் லிட்டருக்கு 25 கிராம் பாலிமர் பொடி, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி, கலந்தோம். மணல் தூவினால் மலிவு. ஆனால் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களின் தோளையும் முழங்கையையும் மணல் கிழித்துவிடும். நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்களுக்குத் தளம் காயம் கொடுக்கக் கூடாது என்பதில் கமிட்டியில் இரண்டு கருத்து இல்லை. பொடி அடியில் தங்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்டிக்கொண்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடம் வழுக்கும், ஓரிடம் குத்தும்.

ஏழு நாள் காய்ந்த பிறகு மஞ்சள் தண்ணீர் வைத்துச் சோதித்தோம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரிந்ததே. புதுக் கான்கிரீட்டிலும் அதே காரம் உண்டு. பூச்சு அடிக்காத துண்டின் மேல் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரத்தி நிறத்துக்கு மாறியது. பூசிய வெளித்தளத்தில் பன்னிரண்டு இடத்தில் ஊற்றினோம். பதினொன்று மஞ்சளாகவே நின்று துடைத்ததும் போயிற்று. கம்பம் நடும் மேடைக்குத் தெற்கே ஒரு காடியோரத்தில் மட்டும் நூல் போலச் சிவப்பு ஓடியது. டேப் ஓரம் விலகி ரோலர் படாமல் போன இடம். சின்ன பிரஷ்ஷால் இரண்டு முறை தொட்டு மூடினோம். கம்பத்துக்கு ஊற்றும் மஞ்சள் நீரெல்லாம் அந்த வழியாகத்தான் ஓடும்.

இனிப் புழங்கும் முறை. பூச்சு சூட்டுக்கு இளகும். சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி நேராகத் தளத்தில் வைத்தால் வளையமாகப் பதியும். பலகையோ மடித்த சாக்கோ போட்டு வையுங்கள். பூவோடு, அக்கினிச்சட்டி இறக்குவதும் சூடம் கொளுத்துவதும் கருங்கல் மேடையில்தான். கழுவச் சாதா சோப்புத் தண்ணீர் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட், பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. ரப்பர் மிதியடி நாள்கணக்கில் கிடந்தால் அதன் கறை ஏறும், வாரம் ஒருமுறை எடுத்துப் போட வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் கலந்து சிந்தினால் பந்தி முடிந்த கையோடு துடையுங்கள், மறுநாள் வரை விட்டால் பூச்சிலேயே சாயம் ஏறும். சாமான் ஏற்றிய டெம்போவை வெளிச்சுற்றில் நிறுத்த வேண்டாம். சூடான டயர் பூச்சைப் பற்றிக்கொண்டு கிளம்பும்.

இந்தப் பூச்சு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேல் கோட் கேட்கும். ஒவ்வொரு தையிலும் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். முத்தாக நின்றால் விட்டுவிடலாம், சில நிமிடத்தில் தரை கறுத்தால் அந்த மாசியில் ஒரே ஒரு மெல்லிய கோட். வெளியே பழைய பூச்சு புதிய கரைப்பானில் இளகித் தானாகச் சேரும், மண்டபத்துக்குள் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகே அடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் அடிக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் செம்மண் தூசி ஈரப்பூச்சில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை.

தண்ணீர் வகையில் 18 லிட்டரும் கரைப்பான் வகையில் ஒரு லிட்டரும் மிச்சம். தண்ணீர் வகை டின் மண்டபத்து அலமாரியில் இருக்கிறது. கரைப்பான் டின்னை மடப்பள்ளிக்கு எதிர்த்திசையில் உள்ள சாமான் அறையில் பூட்டி வைத்திருக்கிறோம், சாவி பூசாரியிடம். கீறல் விழுந்தால் சொல்லியனுப்புங்கள், யாரும் தாமாகத் தொட்டு அடிக்க வேண்டாம்.